நிலமும் புரயிடமும்

அன்புத் தம்பி ரத்தினசாமிக்கு, கொல்லங்கோட்டிலிருந்து உன் அக்காள் மருதாத்தாள் நலம் விழைந்து வரைவது. ஷார்ஜாவில் வெயில் கடுமை என்று அறிந்தேன், உடம்பைப் பேணுக. சித்ரா சென்ற திங்களன்று பொள்ளாச்சிக்குத் தன் தாய்வீடு சென்றாள். உன் மனைவி என்மீது வருத்தத்துடன்தான் சென்றாள்.

நம் பள்ளத்து வயலை மண்ணிட்டு மேடாக்கி வீடு கட்ட நீ விண்ணப்பித்திருந்தாய் அல்லவா? அதைப் பார்வையிட வேளாண்மை அலுவலகத்திலிருந்து கிருஷி ஆபீசர் அம்மையார் வந்தார். வரப்பில் நின்றபடி, "இது நிலமோ, புரயிடமோ?" என்று வினவினார். நான் வாய் திறக்குமுன் சித்ரா முந்திக்கொண்டு, "என்னங்க மேடம் இப்படிக் கேட்டுப்புட்டீங்க, பரம்பரையா எங்க நிலந்தானுங்க!" என்றாள். அம்மையார் அப்படியே எழுதிக்கொண்டார். கேரளத்துக் காகிதங்களில் நிலம் என்றால் நெல்வயல் என்பதும், வீட்டு மனையைப் புரயிடம் என்றே சொல்ல வேண்டும் என்பதும் பொள்ளாச்சியில் பிறந்தவளுக்கு எவ்வாறு தெரியும்? நெல்வயல் என்று ஒப்புக்கொண்டபின் மண்ணிட அனுமதி ஏது?

அம்மையார் என் பக்கம் திரும்பி, "அப்படித்தானே சேச்சி?" என்றார். "ஆமாங்க, நிலந்தானுங்க" என்றேன். பொருள் அறிந்தே சொன்னேன். வீடு திரும்பியதும் சித்ரா, "ஏனுங்க நங்கையா, நாந்தான் கூறுகெட்டவ, உங்களுக்குத் தெரியுமுல்ல?" என்று கேட்டாள். அவளைக் கடிந்துகொள்ளாதே.

நீ தொலைபேசியில், "அவள் தவறிச் சொல்லிவிட்டாள் என்று ஒரு மனு எழுதிக் கொடு, உன் எழுத்துக்கு எதிரே எவன் நிற்பான்" என்று புகழ்ந்தாய். பள்ளி வாசலை மிதியாமல் இரு மொழி எழுத்தும் தானே கற்றவளுக்கு அது இனிக்கத்தான் செய்தது. ஆயினும் எழுத மாட்டேன்.

தென்மலை அடிவாரத்திலிருந்து ரயில் பாதை வரை ஒரு காலத்தில் சதுப்பும் கோரையுமே. நம்மைப் பெற்ற ஐயன் தலைமுறை வாய்க்கால் வெட்டி அதை வயலாக்கிற்று. பின்னர் ஓட்டுச் சூளைக்காரர்கள் களிமண் அள்ளினார்கள். அள்ளிய குழியில் செம்மண் கொட்டித் தென்னை வைத்தார்கள். இன்று அங்கே கல்யாண மண்டபம். ஆடியில் அதன் சமையற்கட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது. பங்குனியில் மண்டபத்துக்காரர்களின் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. குடத்துடன் நம் கிணற்றுக்கே வருகிறார்கள். மழைநீர் வந்து தங்க நம் வயலை விட்டால் இனி வேறு பள்ளம் இல்லை.

உனக்கு வீடு வேண்டாம் என்பவள் அல்லேன். ஐயன் என் பெயருக்கு எழுதிய இந்த மேட்டு மனை புரயிடமே. அதில் கீழ்ப்புறப் பாதியை நீ எடுத்துக்கொள். வாசல் எத்திசை என்பதைச் சித்ராவே குறிக்கட்டும். இடையில் சுவர் வேண்டுமென்றாலும் எனக்குத் தடையில்லை.

கோபம் இருப்பின் திட்டிவிடு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. இந்த ஞாயிறும் நீ அழைக்கும் வேளையில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டுதான் அமர்ந்திருந்தேன். இருவரும் குறைவின்றி வாழ்க.

உன் அக்காள்,
மருதாத்தாள்