வரிசை முடியாமல் எழும்பாதவர்

சேசு மரி சூசை

பேசாலை,
30 ஆகஸ்ட் 2014

அன்பு மச்சாள் பெற்றிசியாவுக்கு,

நான் சுகம். நீரும் உம்மட அவரும் பிள்ளையளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுறன். கோட்டைக்குப் போறன் எண்டு சொன்னதும் போனை வைச்சிட்டீர். பிறகு எடுத்தாலும் தூக்கிறீரில்லை. கடிதத்தை இடையில வைக்கேலாதுதானே, அதுதான் எழுதுறன்.

சனிக்கிழமையில அந்தப் பழைய கோட்டைக்குள்ள வகுப்பு நடத்துகினம். எங்கட பக்கத்துக் கைவேலையளை வாற சனம் தங்கட கையாலயே செய்து பார்க்கிற வகுப்பு. கொழும்பு ரீச்சர்மார் வருவினம், வெள்ளைக்காரர் வருவினம். எருக்கலம்பிட்டிச் சரீபா ஓலைப்பாய் இழைக்கக் காட்டுறா, நான் கிழிஞ்ச வலை பொத்தக் காட்டுறன். போன கிழமை ஒரு வெள்ளைக்காரி பாதி வரிசையில ஊசியை வைச்சிட்டுத் தேத்தண்ணிக்கு எழும்பினா. எங்கட வீட்டில வரிசை முடியாமல் ஒருத்தரும் எழும்பிறேல்லை எண்டு பிடிச்சு இருத்திப்போட்டன். உம்மட அண்ணர் அப்பிடித்தானே எங்களையும் பழக்கினவர். சோறு ஆறுது எண்டு மாமி கத்தக் கத்த, வரிசையை முடிச்சிட்டுத்தான் எழும்புவார்.

ஏன் போறன் எண்டு கேட்டீர். தொண்ணூறில என்ர மனிசனைக் கரையில வைச்சுப் பிடிச்சு அந்தக் கோட்டைக்குள்ளதான் கொண்டு போனவங்கள். அப்ப அது ஆமிக் காம்ப். நானும் மாமியும் அவற்ற படத்தோட அந்த வாசலில எவ்வளவு நாள் நிண்டம். அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை எண்டாங்கள். இப்ப அதே வாசலில ஒரு பெட்டை கைகூப்பி, வாங்கோ அன்ரி எண்டு கூப்பிடுறாள். நான் போகாமல் இருப்பனே? ஒவ்வொரு அறையாப் பார்க்கப் போறன். அவர் எங்க இருந்தவர் எண்டு தெரியாமல் எனக்கு மனம் ஆறாது, பெற்றி.

உம்மட மச்சாள்,
எடித்


பாரிஸ்,
13 செப்டெம்பர் 2014

மச்சாளுக்கு,

கடிதம் கிடைச்சுது. உங்களுக்கு வேற இடமே கிடைக்கேல்லை? அண்ணரைத் திண்ட சுவருக்குள்ள இருந்து வெள்ளைக்காரிக்கு முடிச்சுக் காட்டுறியள். அந்தப் படத்தை ஆரோ பேஸ்புக்கில போட்டு, இஞ்ச எல்லாரும் பார்த்திட்டினம். நான் அனுப்பின மாம்பழக் கலர்ச் சீலையோட சிரிச்சுக்கொண்டு இருக்கிறியள். எனக்கு நெஞ்சு எரிஞ்சுது.

சிங்கராசா சொன்னதை எத்தினை தரம் உங்களுக்குச் சொல்லியாச்சு. அவரையும் அண்ணரோடதான் பிடிச்சவங்கள். முதல் கிழமையே டொமினிக் முடிஞ்சான் எண்டு அவர் இஞ்ச வந்து என்ர முகத்தைப் பார்த்துச் சொன்னவர். நீங்கள் நம்புறியளில்லை. கறுப்புக் கட்டேல்லை, ஒரு பூசை ஒப்புக்குடுக்கேல்லை. அம்மாவும் சாகுமட்டும் அண்ணருக்குச் சோறு எடுத்து மூடி வைச்சா. உங்கட பிடிவாதத்தால அந்த மனிசன் செத்தும் சாகாமல் நிக்கிறார்.

இந்த முறை ஆத்துமாக்கள் திருநாளுக்கு, செத்த ஆக்களின்ர பேரோட அவற்ற பேரையும் கோவிலில குடுங்கோ. பெண்சாதி இருக்கேக்க தங்கச்சி குடுக்கிறது எங்கட ஊர் வழக்கமில்லை, இல்லாட்டி நான் எப்பவோ குடுத்திருப்பன். கோட்டைக்குப் போறதையும் விடுங்கோ. மாட்டன் எண்டால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

பெற்றிசியா


பேசாலை,
28 செப்டெம்பர் 2014

பெற்றி,

எழுத வேண்டாம் எண்டனீர். எழுதாமல் இருக்கேலாது. இதை இருந்து வாசியும்.

நேற்று வகுப்பில சனம் பழகிறதுக்கு ஒரு பழைய வலை தந்தினம். கோட்டையின்ர கீழறையைத் துப்புரவாக்கேக்க கிடந்ததாம். காம்பில இருந்தவங்கள் கறிக்கு மீன் பிடிச்ச வலை. விரிச்சுப் போட்டு ஒவ்வொரு கண்ணாப் பார்த்தன்.

வலையில கன இடம் பொத்தியிருக்கு. பொத்தினது வலை நூலால இல்லை. மண்மூட்டைச் சாக்கில இருந்து இழுத்துத் திரிச்ச நூல். ஊரில ஆராவது சாக்கு நூலால வலை பொத்துவினமே? உள்ளுக்க அடைபட்டு, வேற நூல் கிடையாத ஆள்தான் பொத்தும். முடிச்செல்லாம் மற்றப் பக்கத்தால விழுந்திருக்கு. இடக்கை முடிச்சு. எங்கட கரையில இடக்கையால ஊசி பிடிச்சது ஆர் எண்டு உமக்குத் தெரியும். சின்னனில அதை நக்கலடிச்சு நீர் அண்ணரிட்டக் குட்டு வாங்கினனீர்.

இன்னும் கேளும். ஒரு இடம் பொத்தினது பச்சைச் சாக்கு நூல், வெய்யிலில வெளுத்து வைக்கோல் மாதிரிப் போச்சு. மற்றது வெள்ளைச் சாக்கு நூல், இன்னும் புதுசு மாதிரிக் கிடக்கு, பச்சைக்கு மேலதான் அதைக் கட்டியிருக்கு. சோளகக் காத்திலயும் வாடைக் காத்திலயும் கிழிஞ்சு கிழிஞ்சு பொத்தின வலை இது. ஒரு கிழமை வேலை இல்லை. சிங்கராசா சொன்னது பிழை.

நாங்கள் வாசலில நிக்கேக்க அவர் உள்ளுக்க இருந்து வலை பொத்தியிருக்கிறார். மாமி பேர் சொல்லிக் குழறினா, அது அவருக்குக் கேட்டிருக்கும். வலையை விட்டிட்டு அந்த வாசலுக்கு ஓடினன். சரீபா என்னைப் பிடிச்சுத் தன்ர பாயில இருத்தினா.

எடித்


பாரிஸ்,
10 அக்டோபர் 2014

என்ர அன்பு மச்சாள்,

உங்கட கடிதத்தைக் கையில வைச்சுக்கொண்டே வேலைக்குப் போய் வாறன். நான் எழுதினதையெல்லாம் மறந்திடுங்கோ. என்ர வாயில மண் விழ.

சிங்கராசாவுக்குப் போன் எடுத்து நல்லாக் கேட்டன். மனிசன் அழுதிட்டார். தான் கண்ணால காணேல்லையாம். தன்னை வேற அறையில வைச்சிருந்தவங்களாம். ஆரோ சொன்னதைக் கேட்டு, எங்களுக்கு மனம் ஆறட்டும் எண்டு சொன்னதாம்.

அப்ப அண்ணர் இருக்கலாம், மச்சாள். வேற காம்புக்கு மாத்தியிருக்கலாம், தெற்கில எங்கயாவது வைச்சிருக்கலாம். நீங்கள் நினைச்சதுதான் சரி. கோவிலில பேர் குடுக்க வேண்டாம், தயவுசெய்து குடுக்க வேண்டாம். அந்த வலையை எப்பிடியாவது கேட்டு வாங்குங்கோ. நான் மார்கழியில வாறன். ரெண்டு பேருமாக் கொண்டு போய் எல்லாருக்கும் காட்டுவம். மாம்பழச் சீலையையே கட்டிக்கொண்டு வாங்கோ.

உங்கட பெற்றி


பேசாலை,
26 அக்டோபர் 2014

என்ர பெற்றி,

உம்மட கடிதத்தைக் கண்டு கன நாளைக்குப் பிறகு சத்தம் வைச்சு அழுதன். போன கடிதத்தில நான் ஒண்டு எழுதேல்லை. எழுதக் கை வரேல்லை.

வலையின்ர ஓரத்தில கடைசியாப் பொத்தின இடம் ஒண்டு இருக்கு. அதில ஒரு வரிசை பாதியில நிக்குது. நூல் வெட்டேல்லை. கடைசி முடிச்சு இறுக்கேல்லை. அப்பிடியே தொங்குது.

மாமி கத்தியே எழும்பாத மனிசன், பெற்றி. தானா எழும்பேல்லை. எழுப்பிக்கொண்டு போயிருக்கிறாங்கள். திரும்பி வந்திருந்தால் முதல் வேலையா அதைத்தான் முடிச்சிருப்பார். ஊசி பிடிக்கிற ஆளை வேற காம்புக்கு அனுப்பியிருந்தாலும், கையில இருந்த வரிசையை முடிக்க விடுங்கோ எண்டு கெஞ்சியாவது முடிச்சிருப்பார். நீர் நம்ப மாட்டீர். நான் அவரோட குடும்பம் நடத்தினனான், எனக்குத் தெரியும்.

பேரைக் கோவிலில குடுத்திட்டன். செத்த ஆண்டு எது எண்டு பங்குச் சுவாமி கேட்டார். தெரியாது, பேரை மட்டும் வாசியுங்கோ எண்டன். மாம்பழச் சீலையை மடிச்சு அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன். திருநாளண்டு, ரெண்டாந் திகதி, நீரும் அங்க ஒரு மெழுகுதிரி கொளுத்தும். கோவமெண்டால் கொளுத்திப்போட்டுக் கோவியும். மார்கழியில வாரும், என்னோட வந்து இரும்.

வலையைக் கேட்டனான். அது கோட்டைச் சாமானாம், தர ஏலாதாம். அவர் விட்ட முடிச்சில வாறவை போறவை எல்லாம் கட்டிப் பழகிறதை என்னால பார்த்துக்கொண்டு இருக்கேலாது. நேற்று எல்லாரும் தேத்தண்ணிக்குப் போக, அந்தத் தொங்கின நூலை எடுத்து மிச்ச வரிசையை நானே கட்டினன். ஊசியை இடக்கையால பிடிச்சன். எனக்குக் கை வழங்கேல்லை, முடிச்செல்லாம் கோணலா வந்துது. பஸ் வருகுது எண்டு சரீபா ரெண்டு தரம் கூப்பிட்டா. வரிசை முடிஞ்ச பிறகுதான் எழும்பினன்.

உம்மட மச்சாள்,
எடித்