காலை எடுத்த பிறகும் பிடிக்கும் பிரேக்

மார்ச் 3, ஞாயிறு

"இந்த வண்டியில உனக்கு அப்படி என்னடி கிடைக்குது?" என்று அக்கா கேட்டாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நடைபாதையில் நின்றபடி கேட்டாள். வீட்டுக்கு வந்து, குளித்து, எழுத உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வியே காதில் நிற்கிறது.

நடந்தது இதுதான். பதினேழாம் தேதி மலைப்பாதையில் ஏரி வரை போவதாக ஏற்பாடு. அக்கா ஓய்வு பெற்றாகிவிட்டது. இனி வேலையைச் சாக்காகச் சொல்ல முடியாது. அத்தான் போனதிலிருந்து அவள் அலுவலகம், கடை, என் வீடு இவற்றைத் தாண்டி எங்கும் போனதில்லை. எப்படியோ "சரி, வரேன்" என்று சொல்லிவிட்டாள். அதற்கு முன்னோட்டமாக இன்று என் பழைய காரில் ஊருக்குள் ஒரு சுற்று கூட்டிப்போனேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மேம்பாலம், சிக்னல், மறுபடி சிக்னல். பிறகு வண்டி கனக்கத் தொடங்கியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன், ஆனால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல. கருகல் வாசனை. ஓரம்கட்டிப் பார்த்தால் முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் புகை.

"ரேஸ் வண்டின்னு சொன்னே, அடுப்பு மாதிரி புகையுது. நான் இனிமே இதுல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். நான் வற்புறுத்தவில்லை. யாரையும் இரண்டாவது முறை கேட்கும் வழக்கம் எனக்கில்லை. அது நல்ல குணம்தானா என்றும் தெரியவில்லை.

வண்டி ஆறியதும் எதுவுமே நடக்காதது போல வீடு வந்து சேர்ந்தது.

மார்ச் 5, செவ்வாய்

மாலை மெக்கானிக் வந்தார். வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். கைராசிக்காரர்; ஆனால் பார்ப்பதற்கு முன்பே முடிவு சொல்லிவிடுவார்.

"கேலிப்பர்தான் மேடம், சக்கரத்துத் தட்டைக் கவ்விப் பிடிக்குமே, அது. உள்ளே பிஸ்டன் துருப்பிடிச்சு இறுகிப்போயிருக்கும். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்."

"கண்ணைத் திறந்து பார்த்துட்டுச் சொல்லுங்களேன்."

சிரித்தார். ஆனாலும் கழற்றினார். ஒரு பிஸ்டன் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது உண்மை. சுத்தம் செய்து, ரப்பர் வளையங்களை மாற்றி, பிரேக் கட்டைகள் நகரும் ஊசிகளுக்குக் கிரீஸ் தடவினோம். ஊசிகளை நான் செய்தேன். நகத்திலிருந்து கறுப்பு போகவில்லை. நாளை வகுப்பில் மாணவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மார்ச் 6, புதன்

அக்கா போனில் ஏரியைப் பற்றிப் பேசவில்லை. மாடிவீட்டுக்காரர் கட்டிலை இழுக்கும் சத்தத்தைப் பற்றி நீளமாகப் பேசினாள்.

மார்ச் 9, சனி

மறுபடி பிரேக் பிடித்துக்கொண்டது. அதே மேம்பாலம், அதே கனம். இந்த முறை தயாராகப் போயிருந்தேன். மெக்கானிக்கும் பக்கத்தில் இருந்தார். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினால் சக்கரம் கையால் திரும்பவே இல்லை. ஆறுவதற்குள், கேலிப்பரில் காற்று எடுக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன். சர்ரென்று பிரேக் எண்ணெய் பீச்சியது. சக்கரம் உடனே விட்டுக்கொடுத்தது.

அப்படியானால் கேலிப்பர் நல்ல பிள்ளை. உள்ளே எண்ணெயில் அழுத்தம் தங்கிப்போகிறது. திரும்பிப் போக வழியில்லாமல் அதுதான் பிரேக்கைப் பிடித்திருக்கிறது. எனக்கு உற்சாகமாக இருந்தது என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு எழுதுகிறேன். தெருவோரம் முட்டிபோட்டு, முழங்கை வரை எண்ணெய், வெயில் வேறு. ஆனாலும்.

"அப்போ எண்ணெய் வர்ற ரப்பர் ஹோஸ்" என்றார் மெக்கானிக், கொஞ்சமும் அசராமல். "உள்ளே வீங்கி அடைச்சிருக்கும். வெளியே பார்த்தா தெரியாது."

"ரெண்டு பக்கமும் ஒரே நாள்லயா?"

"ரெண்டுக்கும் ஒரே வயசுதானே மேடம்."

நானும் அக்காவும் ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டில் வளர்ந்தவர்கள். எங்களுக்கு ஒரே நாளில் முட்டிவலி வரவில்லை. இரண்டும் ஒன்றாகக் கெடுவதைவிட, இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று மேலே கெட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். புள்ளியியல் பாடம் நடத்துகிறவள் இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி? சொன்னேன். தலையாட்டினார். நம்பவில்லை.

ஹோஸ் எப்படியும் பழையது. மாற்றலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அதுதான் காரணம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

இன்றைய நாளை முழுதாக எழுத வேண்டும்.

புது ஹோஸ் மாட்டியாயிற்று. இனிக் குழாயிலிருந்து காற்றை எடுக்க வேண்டும்: ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். மெக்கானிக் ஒரு பக்கம், நான் மறுபக்கம். மிதிக்க ஆளில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா, நான் திருப்பித் தராத குக்கரைக் கேட்டு வந்தாள்.

"நான் ஏற மாட்டேன்னு சொன்னேன்ல?"

"வண்டி ஓடாதுக்கா. சக்கரமே இல்ல பாரு."

குனிந்து பார்த்தாள். வண்டி நான்கு முக்காலிகளின் மேல் நின்றது. திருப்தியானபின், செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"அமுக்குங்க அக்கா" என்றார் மெக்கானிக். "பிடிங்க. ம், விடுங்க."

"அமுக்கு, பிடி, விடு. இதுக்கா நீ அவ்வளவு படிச்சே?"

சில தடவைகள் கழித்து அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

"என்னடி இது, ஒவ்வொரு தடவை விடும்போதும் 'டொக்'குங்குது?"

"எது?"

"பெடல்தான். மேல வந்து எதுலயோ இடிக்குது. என் வண்டியில பஞ்சு மேல உட்கார்ற மாதிரி வந்து நிக்கும்."

ஃபிரிட்ஜ் முனகுகிறது, குழாய் சொட்டுகிறது, பக்கத்து வீட்டு மணி ஒரு நிமிடம் பிந்தி அடிக்கிறது என்று எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். சிறுவயதில் வீட்டில் அவளுக்குப் புகார்ப்பெட்டி என்று பெயர். பழக்கதோஷத்தில் நான் "அது அப்படித்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நல்லவேளை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பெடலுக்கு அடியில் தலையை நுழைத்தேன். பெடல் போய் நிற்க வேண்டிய ரப்பர் கட்டைக்கு அது போய்ச் சேரவே இல்லை. அதற்கு முன்பே பிரேக் விளக்கின் ஸ்விட்ச்சில் இடித்து நின்றது. ஸ்விட்ச் தேவைக்கு மேல் உள்ளே திருகப்பட்டிருந்தது. பெடலை விரலால் மேலே தூக்கிப் பார்த்தேன். துளிகூட அசையவில்லை. அசைய வேண்டும்.

அவ்வளவுதான் விஷயம். பெடல் முழுதாக மேலே வந்தால்தான், எண்ணெய் தன் டப்பாவுக்குத் திரும்புகிற சிறு துவாரம் திறக்கும். மயிரிழை குறைந்தாலும் துவாரம் மூடியே இருக்கும். பிரேக் சூடாகும், எண்ணெய் விரியும், போக இடமில்லாமல் பிரேக்கையே அழுத்தும். அது இன்னும் சூடாக்கும்.

"இந்த ஸ்விட்ச்சை யார் இப்படித் திருகினது?"

மெக்கானிக் துணியால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான்தான் மேடம். போன மாசம். விளக்கு அணையாம எரிஞ்சுக்கிட்டே இருக்குன்னு அக்கா சொன்னாங்கன்னு நீங்கதானே..."

உண்மை. ஜனவரி கடைசியில் அக்கா அவள் வண்டியில் என் பின்னால் வந்துவிட்டு, "ரோடு முழுக்கச் சிவப்பு விளக்கோட போறே, நீ பிரேக் போடுறியா இல்லையான்னு பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு வாரம் நச்சரித்தாள். நான் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் விளக்கு அணையும்வரை திருகி, சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு சுற்றும் திருகியிருக்கிறார்.

"அப்போ நான்தான் காரணமா?" என்றாள் அக்கா, இருக்கையில் இருந்தபடியே. "விளக்கு அணையணும்னு சொன்னேன். வண்டி நிக்கணும்னு சொன்னேனா?"

மெக்கானிக் முதலில் சிரித்தார். பிறகு நான். வயிறு வலிக்கும் வரை. கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன்?

ஸ்விட்ச்சைச் சரியான இடம் வரும்வரை வெளியே திருகினோம். பெடலில் அசைவு வந்தது. விளக்கும் ஒழுங்காக அணைந்தது. அக்கா இறங்காமல் இன்னும் மூன்று நான்கு முறை மிதித்துப் பார்த்தாள். "இப்போ சரி" என்றாள், தானே பழுது பார்த்தவள் மாதிரி. குக்கரை மறந்துவிட்டுப் போனாள்.

மார்ச் 13, புதன்

மேம்பாலத்தில் போய் வந்தேன். காலை எடுத்த பிறகு பிரேக் பிடிக்கவில்லை. ஒரு முறை சரியாக இருந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

மார்ச் 14, வியாழன்

மறுபடி. நல்ல வெயிலில், எல்லாச் சிக்னலிலும் நின்று. பிடிக்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

மறுபடி. நம்பத் தொடங்கிவிட்டேன்.

மார்ச் 16, சனி

குக்கரைக் கொடுக்கும் சாக்கில் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கேட்டுவிட்டேன். இரண்டாவது முறை கேட்பது எனக்கே புதிதாக இருந்தது.

"நாளைக்கு வரியா?"

"பாக்கலாம்."

அவள் 'பாக்கலாம்' என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பொருள். பெரும்பாலும். மலைப்பாதைக்கு இறக்கம் அதிகம். பிரேக்குக்கு உண்மையான பரீட்சை அங்கேதான். தனியாகவாவது போவேன் என்று சொல்லிக்கொள்கிறேன். தனியாகப் போனால் அது பிரேக் சோதனை மட்டும்தான்.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் வண்டியை வெளியே எடுத்தபோது அக்கா வாசலில் நின்றாள். கையில் ஃபிளாஸ்க், முதுகுக்கு ஒரு தலையணை. ஏறினாள். பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

மலை ஏறும்போது என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள். உச்சி வளைவைத் தாண்டி, ஏரிக்கு இறங்கும் நீளமான சரிவில் வண்டி இலேசாக, காலை எடுத்ததும் விட்டுக்கொடுத்து, தானாக உருண்டது. ஏரிக்கரையில் நிறுத்தி நான் எஞ்சினை அணைப்பதற்குள் அவள் இறங்கி, முன்சக்கரத்தின் பக்கம் குந்தி, உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தாள்.

"வெதுவெதுன்னு இருக்கு. இருக்கலாமா?"

"இருக்கலாம்."

எழுந்து மறுபக்கம் போய் அதையும் பார்த்தாள். பிறகு டீ ஊற்றினாள். இருவரும் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு குடித்தோம். தண்ணீர் வெளிச்சமாக இருந்தது. அத்தானைப் பற்றிக் கொஞ்சம் பேசினாள், அழவில்லை.

திரும்பி வந்து அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, தலையணையை எடுத்துக்கொண்டு குனிந்து சொன்னாள்: "என் பக்கத்துக் கதவுல கிர்ருனு ஒரு சத்தம் வருது. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பார்த்து வை."

அவளில்லாமல் அவள் வீட்டுச் சாலையிலேயே இன்னொரு சுற்றுப் போய்ப் பார்த்தேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. சனிக்கிழமை கதவைக் கழற்றப்போகிறேன்.