எரித்த பாம்புக்குச் சாட்சி

ருவைஸ் பக்கம், தோட்டம்
9.9.2006

அன்புள்ள தம்பி பாண்டித்துரைக்கு,

தோட்டத்துக் காவல் சேதுபதி அண்ணன் சொல்லச் சொல்ல, மளிகைக்கடை நூஹு எழுதும் கடிதம். நீயும் உன் வீட்டாரும் நலமாயிருக்க முருகன் துணை. இங்கே பேரீச்சை இந்த வருஷம் நல்ல காய்ப்பு. எனக்கு முட்டிவலி தவிர வேறு குறை இல்லை என்று சொல்லத்தான் ஆசை. உன் பழைய நம்பருக்கு நூஹு இரண்டு தடவை போன் போட்டான். யாரோ ஒரு பெண் எடுத்து, ராங் நம்பர் என்று வைத்துவிட்டாளாம். அதனால்தான் கடிதம்.

தம்பி, நாகஜோதி செத்துப்போனது.

சின்ன முதலாளி ஹமத் வாங்கி வந்த மஞ்சள் மலைப்பாம்புக்கு நீதான் அந்தப் பேரை வைத்தாய். அவன் லண்டனுக்குப் படிக்கப் போனதும் அது என் தலையில் விழுந்தது. பாம்பு அறை ஒன்றில்தான் ஏ.சி. உண்டு என்று நானும் அங்கேயே படுத்தேன். என்ன அண்ணே, ஒங்க சம்சாரம் சாப்பிட்டாச்சா என்று, நீ இங்கே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரை, தினமும் கேட்பாய். நானும் சிரிப்பேன். ஐந்து வருஷமும் நான்கு மாதமும் நானும் அதுவும் ஒரே அறையில் இருந்தோம். சட்டை உரிக்கும் நாளில் அதன் கண் பால் விழுந்ததுபோல் ஆகும். அப்போது நான் சத்தமில்லாமல் நடப்பேன்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. ஊருக்கே திரும்பிவிடுவதற்கு விசா கேன்சல் ஆகி, பத்தொன்பதாம் தேதிக்கு டிக்கெட்டும் வந்திருந்தது. அதை ஊரில் என் வீட்டுக்காரி வடிவிடம் போனில் சொல்ல நூஹு கடைக்குப் போனேன். வீட்டுக்கு வெள்ளையடிப்பதா, வேண்டாமா என்று பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தால் அறையில் ஏ.சி. சத்தம் இல்லை. பியூஸ் போயிருந்தது. கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. அது தண்ணீர்த் தொட்டிக்குள் முழுசாகச் சுருண்டு கிடந்தது. ஐஸ் வாங்கி வைத்தேன், விசிறினேன். அசையவில்லை.

அதன் பிறகு நான் செய்ததுதான் தப்பாம். பாம்பு செத்துக் கிடந்தால் நம்மூரில் என்ன செய்வோம்? அதையே செய்தேன். மஞ்சள் தடவினேன். ஊருக்குக் கட்டிப் போக வாங்கிய புது வேட்டியில் சுற்றினேன். ஒரு திர்ஹம் காசு வைத்து, பசும்பால் இல்லாததால் ஒட்டகப்பால் ஊற்றி, காய்ந்த பேரீச்ச மட்டை அடுக்கி எரித்தேன். மூன்றாம் நாள் எலும்பைப் பொறுக்கிச் சாம்பலோடு தண்ணீர் லாரியில் ஏறிப் போய் ருவைஸ் கடலில் கரைத்தேன். ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. மிச்சம் வைத்தால் பாவம் அல்லவா?

அடுத்த வாரம் ஹமத் லீவில் வந்தான். பாம்பு எங்கே என்றான். சொன்னேன். செத்த பாம்பைக் குப்பையில் போடுவார்கள், புதைப்பார்கள், உலகத்தில் எவன் எரித்துக் கடலில் கரைப்பான் என்று கேட்கிறான். முன்பு ஒரு ஆள் அதை விலைக்குக் கேட்டு வந்தது அவனுக்குத் தெரியும். நான் விற்றுவிட்டேனாம். கடைசியாக உரித்த சட்டையைக் காட்டினேன். உயிரோடு இருக்கிற பாம்பும்தான் சட்டை உரிக்கும் என்றான். சாம்ப் திகாவ், பாஸ்போர்ட் லே ஜாவ் என்கிறான். பாம்பைக் காட்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள். அடிக்கவில்லை, திட்டவில்லை. சோறும் வந்துவிடுகிறது.

டிக்கெட் போய்விட்டது. கேன்சலுக்குப் பிறகு தந்த ஒரு மாதக் கெடுவும் முடிந்து பதினொரு நாள் ஆகிறது. கேட்டைத் தாண்டினால் போலீஸ். அந்த அறையை ஹமத் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். மோட்டார் ஷெட்டில் படுக்கிறேன். ஏ.சி. சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. பாம்புக்குத் தீனியாக ஒதுக்கிய கோழி ஒன்று இன்னும் தோட்டத்தில் திரிகிறது. பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. பிறகு அதற்கும் நான்தான் தீனி போடுகிறேன். ஒரு பாம்புக்காக அழுதேன் என்று யாரிடம் சொல்ல? நூஹு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். எழுதுப்பா.

போன திங்கட்கிழமை ஹமத் தானாக ஒரு வார்த்தை சொன்னான். பாண்டி சொன்னால் நம்புவேன் என்றான். சின்ன வயதில் அவனைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் நீ அல்லவா? உங்கள் ஊரில் பாம்பை எரிப்பது உண்டா என்று உன்னிடம் கேட்டால் போதுமாம்.

அதைக் கேட்டதிலிருந்து ஐந்து நாள் யோசித்தேன், உனக்கு எழுதலாமா என்று. 2003 மாசி மாதம், உன் தங்கை அகிலா கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் பெரிய வண்டியைக் கேட்காமல் பர் துபாய்க்கு ஓட்டிப் போனாய். கதவில் கீறல் விழுந்தது. பெரிய முதலாளி நம் இருவரையும் நிறுத்திக் கேட்டார். பக்கத்து ஊருக்குத்தான் போனேன் என்றாய். நான் துபாய் என்றேன். உன் லீவை வெட்டினார். புடவை வேறு யார் கையிலோ ஊருக்குப் போனது. கல்யாணத்தன்று நீ தொழுவத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். நான் டீ கொண்டுவந்தேன். நீ வாங்கவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று மூன்று வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது உண்மையைச் சொல்லிவிட்டு அதே தொழுவத்துப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஹமத் நம்பரை நூஹு தனித்தாளில் எழுதி உள்ளே வைக்கிறான். இந்த மாதக் கடைசியில் அவன் லண்டனுக்குத் திரும்பிவிடுவான். அதற்குள் பேசினால் உண்டு. பேச மனம் இல்லையென்றால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் ஒரு நடை முதுகுளத்தூர் போய் வடிவைப் பார். வெள்ளையடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல். ஏன் என்று கேட்பாள். உனக்குத் தோன்றியதைச் சொல்.

அகிலாவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளைகள் நூறு வயது இருக்க வேண்டும். அதுகளின் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் தாய்மாமனாக நீ முன்னால் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
சேதுபதி
(கைநாட்டு)