மூன்றாம் கியரில் நின்றுபோன கார்

பிரியமுள்ள அண்ணனுக்கு,

உன் கார் சரியாகிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் வேறெதையும் விட அதைத்தான் முதலில் கேட்டிருப்பாய்.

நீ போன பிறகு அம்மாவை டயாலிசிஸுக்கு ராமநாதபுரம் அழைத்துப் போவது நான்தான். மண்டபத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. திரும்பும்போது அவளுக்குக் கழுத்து நிற்பதில்லை. வேறு கார் இருந்தாலும் எனக்கு ஓட்டத் தெரியாது. போட் எஞ்சின் சரிந்து உன் இடது கால் போன பிறகு, கிளட்ச் மிதிக்க வேண்டாத, தானே கியர் மாறும் வண்டி வேண்டுமென்று சென்னை வரை தேடிப்போய்ப் பழையதாக வாங்கி வந்தாயே, அந்த ஒன்றில்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்.

மாசி மாதம் உச்சிப்புளி தாண்டும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதோடு கியர் மாறுவது நின்றுபோனது. மூன்றாம் கியரிலேயே எல்லாம். கிளம்பும்போது மணலில் தட்டிய படகு மாதிரி முனகும். கிளம்பினாலும் வேகம் எடுக்காது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தபடி வரும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "மெதுவாவே போ தாயி, நமக்கு என்ன அவசரம்" என்பாள். நேரம் தவறினால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து ஓர் எண்ணைக் காட்டினார்கள். கியர் சோலினாய்டு கோளாறாம். கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், அந்தச் சாமான் கிடைப்பதும் சந்தேகம் என்றார்கள். அண்ணி, "அந்த இரும்பக் கட்டிக்கிட்டு எத்தன நாளைக்கு அழுகுறது? காயலான் கடைக்காரன் கேக்குறான், குடுத்துருவோம்" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நீ இல்லாமல் அது வாசலில் நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, அம்மா மெஷினில் இருந்த நேரத்தில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன் செல்வத்திடம் கொண்டுபோனேன். அவர் கையில் வைத்திருந்த சின்னப் பெட்டியிலும் அதே எண்தான் வந்தது.

"சோலினாய்டுன்னா என்ன தம்பி?"

"காயில்தான்க்கா. கரண்டு போனா உள்ள ஊசி இழுக்கும், எண்ணெய்க்கு வழி தெறக்கும், கியர் மாறும். கரண்டு போகலன்னா வண்டி பயந்துபோயி ஒரே கியர்ல ஒண்டிக்கிரும்."

"அப்ப காயில் கெட்டுப்போச்சா, இல்ல காயிலுக்குக் கரண்டு போகலையா?"

அவர் பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "அத இது சொல்லாதுக்கா. தொறந்துதான் பாக்கணும்."

காயிலுக்குப் போகும் ஒயர்கள் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு பிளக்கில் சேர்கின்றன. அதைக் கழற்றியவர் சிரித்துவிட்டார்.

"யாருக்கா இங்கன இம்புட்டு கிரீஸ அப்புனது? புட்டுக் குழாய்ல மாவு அடைச்சாப்ல இருக்கு!"

"எங்க அண்ணன்."

"மெக்கானிக்கா?"

"போட் மெக்கானிக்."

"அதான பாத்தேன்!"

மீட்டர் வைத்து அளந்தார். காயில் நன்றாகத்தான் இருந்தது. உப்பும் தூசியும் ஏறி இறுகிய கிரீஸ், பிளக்கின் இரண்டு பாதியிலும் இருந்த மெல்லிய பின்கள் ஒன்றையொன்று தொட விடவில்லை. உப்புக் காற்றில் எந்த ஒயர் முனையையும் வெறுமனே விடமாட்டாய் நீ. படகில் செய்ததைக் காருக்கும் செய்திருக்கிறாய். கொஞ்ச நாளாகவே கார் வெட்டி வெட்டி இழுத்தபோது, "பாலத்து ரோடு சரியில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாயே. உண்மையாகவே ரோடு என்றுதான் நினைத்தாயா அண்ணே?

செல்வம் பெட்ரோலும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் எடுத்து வந்தார். அப்போதுதான் பார்த்தேன். பிளக்கின் மூடிக்குள், இறுகிப்போன கிரீஸில், நீ அழுத்திய கட்டைவிரல் ரேகையோடு அப்படியே பதிந்திருந்தது. அவரும் பார்த்தார். பிரஷ் நின்றது.

"தொடைக்கவாக்கா?"

உன் போட்டோக்கள் இருக்கின்றன, சட்டைகள் இருக்கின்றன. உன் கை இங்கே மட்டும்தான் இருந்தது. அங்கே அம்மாவுக்கு மெஷின் முடிகிற நேரம்.

"தொடைங்க" என்றேன்.

பின்களை நிமிர்த்தி, பிளக்கை மாட்டி, அந்த எண்ணை அழித்தார். பாரதி நகர் வரை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கியராக, அலுங்காமல் மாறியது. விளக்கும் எரியவில்லை.

திரும்பி வரும்போது அம்மா கண்ணைத் திறக்காமலே, "முனகலயே?" என்றாள்.

"சரியாயிருச்சும்மா."

"அவன் இருந்திருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பான்."

"ஆமாம்மா" என்றேன். உன் கிரீஸ்தான் காரணம் என்று அவளிடம் சொல்லவில்லை; இந்தக் கடிதம் யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து அவளுக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டாம்.

களைப்பாக இருக்கிறது அண்ணே. விளக்கு அணைந்தால் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. வியாழக்கிழமை மறுபடி போக வேண்டும், அதற்கடுத்தும் போக வேண்டும். ஆனால் இந்தக் காரைக் கொடுக்க மாட்டேன். அந்தப் பிளக்கை இனி நானே கழற்றித் துடைப்பேன். கிரீஸும் வைப்பேன், வெளியே ரப்பரில் மட்டும், மெல்லிசாக. அம்மாவால் வர முடிகிறவரை அவளை இதில்தான் கூட்டிப்போவேன்.

உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓட்டப் பழகிய,
உன் தங்கச்சி