மொழிபெயர்ப்பு வகுப்பைப் பார்க்க வந்த குழு

பிப்ரவரி 3, 2025

முதல்வர் கூப்பிட்டார். பத்தாம் தேதி அரசின் நிதிக்குழு கல்லூரிக்கு வருகிறதாம். தமிழ்–மலையாள மொழிபெயர்ப்புப் பட்டயப் படிப்புக்கு மானியம் தொடர வேண்டுமா என்று பார்க்க. "லிபி டீச்சர்தான் பேசணும்" என்று என் பெயரைச் சொன்னார். பதினோரு வருஷமாக கெஸ்ட் லெக்சரர். இந்தப் படிப்பு போனால் நானும் போனேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன், பஸ் ஏறத் தோன்றவில்லை.

பிப்ரவரி 5

மாணவர்களுக்குத் தேர்வில் கொடுக்க வைத்திருந்த ஒரு கோர்ட் வாக்குமூலத்தைப் போனில் போட்டு மொழிபெயர்க்கச் சொன்னேன். நாலே நொடி. தப்பு கிடைக்காதா என்று தேடினேன் — வெட்கமாக இருக்கிறது. ஒரே ஓர் இடம். அதையும் ஜெபசிங்கிடம் காட்டினால், "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்கிறார். புருஷன் பேசுகிற பேச்சா இது?

பிப்ரவரி 8

குழு முன்னால் பேச இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

பிப்ரவரி 10

குழுத் தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார். மெஷின் செய்கிற வேலைக்கு அரசு எதற்கு ஆட்களைப் படிக்கவைக்க வேண்டும்? மெஷினுக்குப் பிழை வரும் என்று சொல்லியிருக்கலாம். அந்த நாலு நொடி ஞாபகம் வந்தது; பாடத்திட்டத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

மாணவர்கள் வரிசையிலிருந்து மாடம்மாள் எழுந்தாள். நாற்பத்தாறு வயது. ஆரியசாலை கடைத்தெருவில் ஒரு டைப்பிங் சென்டரில் இருபது வருஷம் இருந்தவள்.

"ஸாரே, மெஷின் வந்தாச்சுன்னு என்னை வேலையிலேருந்து நிப்பாட்டினாங்க. அதனாலதான் படிக்க வந்தேன். இப்போ மெஷின் வந்தாச்சுன்னு படிப்பையும் நிப்பாட்டினா நான் எங்க போவேன்? எதுன்னாலும் படிக்கேன். வயசு கூடிப்போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க."

தலைவர் குறித்துக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் அவள் 'எதுன்னாலும்' என்றாளே தவிர, இந்தப் படிப்பைக் காப்பாற்றச் சொல்லவில்லையே — அதைக் கவனித்தது நான் மட்டும்தானா?

மே 20

உத்தரவு. மொழிபெயர்ப்புக்கு இனிச் சேர்க்கை இல்லை. அதே நிதியில் கணினிப் பட்டயப் படிப்பு. வேலை இழந்தவர்களுக்கு இலவசம், வயது வரம்பு கிடையாது. கெஸ்ட் லெக்சரரின் ஒப்பந்தம் 'முடிவடைந்ததாகக் கருதப்படும்'. கருதப்படுமாம்! உத்தரவின் மலையாளம் பிசிறில்லாமல் இருக்கிறது. மெஷின் எழுதியிருக்குமோ?

ஜூன் 12

மாடம்மாள் போன் செய்தாள். கணினிப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டதாம். சொல்லிவிட்டு அழுதாள். "டீச்சரே, உங்களை நான் கெடுத்துட்டேனா?" இல்லை என்றேன். போனை வைத்தபின் அவள்மேல் அப்படி ஒரு கோபம். இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? அவள் என்ன பொய்யா சொன்னாள்? வேலை இழந்தவர்களுக்கு என்றால் — நானும்தானே?

ஜூலை 7

கணினிப் படிப்பில் முதல் வகுப்பு. மாடம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வருகைப் பதிவில் "லிபி" என்று வாசித்தார்கள். யாராவது எழுந்து பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மாடம்மாள் முழங்கையால் இடித்தாள்.

"டீச்சரே, உங்களத்தான்."