பினாயில் என்று எழுதப்பட்ட ஃபீனால்

அனுப்புநர்:
ஆய்வக உதவியாளர்,
வேதியியல் துறை,
மகளிர் கல்லூரி.

பெறுநர்:
பணியிடப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: துப்புரவுப் பொருட்களோடு ஃபீனால் வைக்கப்பட்டது – பணியாளர் படுகாயம் – உடனடி ஆய்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இந்த ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காயம்பட்ட துப்புரவுப் பணியாளர் என் அண்ணி. அவரை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நானே.

2. சென்ற மாதம் இருப்பறைக்கு வண்ணம் பூசுவதற்காக, நான்கு ஃபீனால் புட்டிகளை மாடிப்படிக்குக் கீழே துடைப்பமும் வாளியும் கிடக்கும் அறைக்கு மாற்றச் சொன்னார் அலுவலகக் கண்காணிப்பாளர். அந்த அறைக்குப் பூட்டில்லை, வேண்டாம் என்றேன். "ரெண்டு நாளுதானேம்மா, யாரு எடுத்துக் குடிக்கப் போறா?" என்று சிரித்தார். எழுத்தில் ஆட்சேபிக்காமல் விட்டது என் குற்றம். இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. ஆங்கிலச் சீட்டு அழிந்துபோயிருந்ததால், எல்லோரும் படிக்கட்டும் என்று 'ஃபீனால்' எனத் தமிழில் எழுதி ஒட்டியவள் நான். அபாயக் குறி போடவில்லை. இரண்டு நாள் இருபது நாளாயிற்று.

3. கடந்த வியாழன் காலை, பினாயிலைத்தான் யாரோ பிழையாக எழுதியிருக்கிறார்கள் என்றெண்ணி, அண்ணி ஒரு புட்டியைக் கழிவறைத் தரையில் அப்படியே கொட்டியிருக்கிறார். வழுக்குகிறதென்று செருப்பையும் கழற்றிவிட்டார். நான் போனபோது, "தண்ணி ஊத்தினா பால் மாதிரி வெளுக்கணும்ல? இது வெளுக்கவே மாட்டேங்குது. மட்டமான சரக்கா வாங்கிப் போட்டிருக்காங்க" என்று குறைப்பட்டார். வெளுத்திருந்தவை அவருடைய பாதங்கள். எரிகிறதா என்று கேட்டேன். "எரியலையே. பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

4. ஃபீனாலின் கொடுமை இதுதான். தோலை அரிக்கும்போதே நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும். வலி வந்து எச்சரிக்காது. தோல் வழியே இரத்தத்தில் கலந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். தடித்த கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் நாங்கள் அந்தப் புட்டியைத் தொடுவதில்லை. குழாயடியில் உட்காரவைத்துக் கழுவிக்கொண்டே இருந்தேன். என் தோளிலேயே மயங்கிச் சாய்ந்தார். மருத்துவமனைக்கு அலுவலகம் கொடுத்தனுப்பிய சீட்டில் 'பினாயில் பட்டது' என்று இருந்தது. மாணவிகள் மிதித்துவிடாதபடி கழிவறையைப் பூட்டிவிட்டு, அது ஃபீனால் என்று மருத்துவரிடம் சொல்ல நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரம் வீணாகிவிட்டது. பாதத்தோல் உரிந்துவிட்டது. சிறுநீர் கறுத்துப் போகிறது. பிழைப்பார் என்று மருத்துவர் இன்னும் சொல்லவில்லை.

5. மறுநாள் எண்ணிப் பார்த்தேன். மூன்று புட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இருந்தன. குமாஸ்தாவின் பதிவேட்டில், 'பினாயில் – 1 – விடுதி' என்றிருக்கிறது. எந்த விடுதி என்று எழுதவில்லை. மூன்று விடுதிகளிலும் என்னை உள்ளே விட மறுத்துவிட்டார்கள். கண்காணிப்பாளரிடம் மன்றாடினேன். "ரிப்போர்ட்ல பினாயில்னு போயாச்சு. சும்மா பீதியைக் கிளப்பாதே" என்றார். இரண்டு விடுதிகளின் துப்புரவுப் பெண்களை வாசலில் பிடித்துச் சொல்லிவிட்டேன். மூன்றாவது விடுதிக்குப் புதிதாக வந்தவர் யாரென்றே தெரியவில்லை. அங்கே திங்கள்தோறும் பதினோரு மணிக்குத் தரை கழுவுவார்கள்.

விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். என்னையும் சேர்த்தே விசாரியுங்கள். இப்போது அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டு, என்னோடு ஓர் ஆளை அனுப்பும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கையுறை கொண்டுவந்திருக்கிறேன். பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம்.

நாள்: திங்கட்கிழமை, காலை 10.15
இடம்: தங்கள் அறைக்கு வெளியே, வராந்தா

தங்கள் அழைப்புக்காக நின்றுகொண்டிருக்கும்,
(ஒப்பம்)
ஆய்வக உதவியாளர்