அளவுக்குக் கொடுத்த கோட்

சிவமயம்

லா சப்பேல்,
16.10.2018, செவ்வாய்க்கிழமை

மகள் நிரோஜினிக்கு அம்மா எழுதுவது.

சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு அமெனானின் தையல் அறையில் இருந்தவர்கள்: அமெனான், அவளிடம் துணி வெட்டும் ரொபேர், எங்களோடு அங்கே தைக்கும் சிசிலியா, உடுப்புப் போட்டுப் பார்க்க வந்து காத்திருந்த ஒரு வங்கிக்காரப் பெண், உன் அப்பா, நான். ஆறு பேர். ரொறன்ரோவில் நீ நடத்திய உடுப்புக் காட்சியின் வீடியோவை இந்த ஆறு பேரும் ஒன்றாக இருந்து பார்த்தோம். யார் பார்த்தது, யார் சொன்னது என்று நீ பிறகு கேட்பாய். அதற்காக முதலிலேயே எழுதிவிட்டேன்.

நீ சுகமாக இருக்கிறாய் என்பதை வீடியோவில் பார்த்துக்கொண்டேன். அதனால் சுகம் விசாரிக்கவில்லை. இங்கே அப்பாவுக்கு முழங்கால் நோ, மற்றப்படி ஒன்றுமில்லை. நான்கு நாளாக நீ போன் எடுக்கவில்லை. யோகநாதன் சித்தப்பா வெள்ளிக்கிழமை ரொறன்ரோ திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் நேரே உன் வீட்டுக்குத்தான் வருவார், கதவைத் திறந்து வாங்கு.

அந்த ஆறு பேரையும் கூட்டி இருத்தியது நான். நவராத்திரி நாலாம் நாள். வீட்டில் படைத்த அவலையும் கடலையையும் பெரிய டப்பாவில் போட்டுக்கொண்டு, மெட்றோப் பாலத்துக்குக் கீழால் அப்பாவையும் நடத்திக் கூட்டிப் போனேன். நிரோ பெரிய மேடையில் உடுப்புக் காட்டியிருக்கிறாள், எல்லோரும் வாருங்கள் என்று நானே கூப்பிட்டேன். அமெனான் மெஷினை நிறுத்திவிட்டு வந்து முன்னுக்கு இருந்தாள். என் பிள்ளை, என் பிள்ளை என்று அந்த வங்கிக்காரப் பெண்ணிடம் உன்னைக் காட்டினாள். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வீடியோவில் மூன்றாவதாக வந்த மெல்லிய பெண் கோட்டோடு கையைத் தூக்கினாள். கமக்கட்டுக்குள் மடித்து வைத்திருந்த இன்னொரு துணி விசிறி போல விரிந்தது. ரொபேர் வாயில் போட்ட கடலையை மெல்லாமல் அப்படியே இருந்தார். அது அமெனான் வெட்டிய கோட்டுக் கை.

அதோடு நீ விட்டிருந்தால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ அதோடும் விடவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: இந்தக் கையை என் அம்மாவிடம் பழகினேன், யாழ்ப்பாணத்தில் எங்கள் பெண்கள் பரம்பரையாக இப்படித்தான் சட்டைக்குக் கை வெட்டுவார்கள், இந்தக் கோட்டின் பெயர் ஜாஃப்னா. சனம் கை தட்டியது. நீ கண்ணைத் துடைத்தாய்.

நிரோ, யாழ்ப்பாணத்தில் ஒருத்தரும் அப்படிக் கை வெட்டியதில்லை. ஊரில் இருக்கும்போது எனக்குத் தையலே தெரியாது. இங்கே வந்து, நீ வயிற்றில் இருக்கும்போது, பழைய சட்டை ஒன்றைப் பிரித்துப் பார்த்துப் பார்த்து நானாகப் பழகியது என் தையல். இது உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு என் பெயரில் ஒரு பரம்பரையைக் கட்டி, அதற்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கிறாய்.

முதலில் வாய் திறந்தது சிசிலியா. கோசலையக்கா, ஊரில இவ்வளவு பெரிய தையல்காரியா இருந்திருக்கிறியள், எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லையே என்றாள். அவள் வாய் உனக்குத் தெரியும். அமெனான் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. என் பக்கம் திரும்பி, நிரோ அம்மா, அப்படியென்றால் நான் உன்னிடம்தான் படித்தேனா என்று மட்டும் பிரெஞ்சில் கேட்டாள். அந்த வங்கிக்காரப் பெண் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டாள். உன் அப்பா அவல் டப்பாவை மூடினார்.

அமெனான் யார் என்று நீ மறந்தமாதிரி இருக்கிறது. சொல்கிறேன். நீ படிப்பை நடுவில் விட்டுவிட்டு எட்டு மாதம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, கொண்டு வா பிள்ளையை, ஊசியில் நூல் கோர்க்கட்டும் என்று கூப்பிட்டவள். ஆபிரிக்காவில், அபிஜான் நகரத்தில் தாயின் துணிக் கடைக்குப் பின்னால் தையல் பழகி, இங்கே வந்து ஒன்பது வருஷம் மற்றவர்களுக்குக் கூலிக்குத் தைத்து, பிறகு தன் பெயரில் ஒரு பலகை மாட்டியவள். கறுப்புப் பெண்கள் கந்தோர் வேலைக்குப் போகும்போது ஏன் சாம்பல் நிறத்திலேயே போக வேண்டும் என்று கேட்டு, பெரிய பூ அச்சடித்த ஆபிரிக்க வாக்ஸ் துணியில் கந்தோர் உடுப்பு வெட்டியவள். புர்க்கினா நாட்டுப் பொடியன் ஒருவன் எடுத்த சினிமாப் படத்துக்கு இருபத்திரண்டு உடுப்பு அவள் தைத்தபோது, நீயும் நானும் பொத்தான் வைத்தோம். படத்தின் கடைசியில் எழுத்து ஓடும்போது உன் பெயரும் என் பெயரும் போக வேண்டும் என்று அவள் நின்று சண்டை பிடித்தாள். பொத்தான் வைத்தவளின் பெயரைக்கூட விடாத மனுஷி அவள்.

நீ கனடா போக முதல், ரொபேர் தங்கள் ஊரான லோமே முறைப்படி செய்வோம் என்றார். தொழில் பழகி முடித்தவளை நாலு பேர் பார்க்க விடுதலை செய்வது அங்கே வழக்கம். உன்னை நடுவில் இருத்தி, தலையில் பவுடர் கொட்டி, இனி உன் பெயரில் தை என்று அமெனான் கத்தரிக்கோலை உன் கையில் தந்தாள். நீ தும்மினாய், எல்லோரும் சிரித்தோம். உன் பெயரில் தைக்கச் சொன்னாள். தன் கோட்டைத் தைக்கச் சொல்லவில்லை.

அந்தக் கோட் தொடங்கியதே நீ போன பிறகு. என் கணக்குக் கொப்பியில் பருப்பு வாங்கிய நாளும் இருக்கும், அமெனானிடம் என்ன தைத்தேன் என்ற நாளும் இருக்கும். 2016 நவம்பர் எட்டாம் திகதி முதல் கை. மெட்றோவில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் கமக்கட்டு இழுத்துக் கிழிகிறது என்று ஒரு பெண் சொன்னாள், அங்கிருந்து வந்த யோசனை அது. மடிப்பு வைத்தாள், தடித்தது. குறைத்தாள், விரியவில்லை. பதினான்கு கை வெட்டி எறிந்தாள். பதினைந்தாவது கை 2017 ஏப்ரல் நாலாம் திகதி. நான் போட்டுப் பார்த்துக் கையைத் தூக்கினேன். துணி விரிந்ததும் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அவர்கள் ஊரில் சந்தைப் பெண்கள் புதுத் துணிக்கு ஒரு பெயர் வைத்தால்தான் அது விலைப்படும். அமெனான் அந்த இடத்திலேயே பெயர் வைத்தாள்: கோசலை சிரித்தாள். அதன் உள்பட்டியில் அந்தப் பெயரைத் தைத்து, முதல் கோட்டை எனக்கே தந்தாள்.

நீ வெட்டி எறிந்த பெயர் அதுதான்.

முதல் பிழை என்னுடையது. அதை மறைக்க மாட்டேன். போன வருஷம் ஓகஸ்டில் நீ கேட்டாய்: அம்மா, அந்தக் கோட்டை அளவுக்கு அனுப்புங்கோ, சிநேகிதியின்ர கலியாணத்துக்கு ஒண்டு தைக்கப் போறன். நானும் அனுப்பினேன். எங்கள் பெண்களுக்குள் அளவுச் சட்டை கொடுப்பது ஒரு பெரிய விஷயமா. நல்லாய் நிற்கிற சட்டையென்றால் நாலு வீட்டுக்குப் போய் வரும், கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. சட்டை என்னுடையதுதானே என்று நினைத்தேன். அதற்குள் இருந்த வெட்டு அவளுடையது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாசியில் கோட் திரும்பி வந்தது. கமக்கட்டில் நான் கையால் போட்ட தையல் இல்லை. பிரித்து எடுத்து, மெஷினில் திரும்ப ஓட்டியிருந்தாய். நூலும் வேறு நிறம். பார்த்த உடனே விளங்கியது. விளங்கியும் அலுமாரிக்குள் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினேன். பிள்ளை ஒன்று தைத்துப் பார்த்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு மாதம் வாய் திறக்காமல் அமெனானுக்குப் பக்கத்தில் இருந்து அவள் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். இதை ஞாயிற்றுக்கிழமை அவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, நீ கொடுத்தாயா என்று ஒருமுறை கேட்டாள். ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை.

ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் அவளுடைய பெரிய கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி என்னிடம் தருவாள். உன் அம்மனுக்கு முன்னால் ஒரு இரவு இருந்தால் வருஷம் முழுக்க மழுங்காது என்பாள். நாளை மறுநாள் பூசை. நேற்று நான் கேட்டேன். இந்த முறை இங்கேயே இருக்கட்டும் என்று சிசிலியாவிடம் சொல்லி அனுப்பினாள்.

உன் அப்பாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பெத்த தாயின்ர பேரைத்தானே பிள்ளை சொன்னவள், அதுக்கேன் சன்னதம் ஆடுறாய் என்கிறார். பிலிப்-து-ஜிரார் தெருவில் எந்தக் கடைக்குள் போனாலும் உன் வீடியோவை எடுத்துக் காட்டுகிறார். மரக்கறிக் கடைக்காரர் என்னைக் கண்டதும், அக்கா, யாழ்ப்பாணத்துக் கையைக் கனடாவில ஏத்திப்போட்டியள் என்று ஒரு கட்டுக் கீரையைச் சும்மா தந்தார். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர் போன் எடுத்து, ஞாயிறு வாணி விழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறோம் என்றார். களவு கொடுத்த வீட்டுக்காரிக்குப் போர்த்துங்கோ, களவெடுத்த வீட்டுக்காரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கவில்லை, அடக்கமாகக் கதைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

நீ அப்பாவின் போனுக்கு அனுப்பியதையும் வாசித்தேன். இது ஒமாஜ், அம்மாவுக்குச் செய்த மரியாதை என்று எழுதியிருந்தாய். நான் கேட்காத மரியாதை. அதை மற்றவளின் மேசையிலிருந்து எடுத்து எனக்குத் தராதே. பெரிய கொம்பனிக்காரர் ஆபிரிக்கத் துணியைக் களவெடுக்கிறார்கள் என்று பதினெட்டு வயதில் இந்த வீட்டுக் குசினியில் நின்று கத்தியவள் நீ. அவர்கள் செய்தால் களவு, நீ செய்தால் மரியாதையா.

இப்போது நடப்பதைக் கேள். டிசம்பரில் அபிஜானில் நடக்கிற பெரிய உடுப்புக் காட்சிக்கு அமெனானைத் தெரிவு செய்திருந்தார்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு தாய்க்கு முன்னால், தொழில் பழக்கியவர்களுக்கு முன்னால், தன் பெயரில் நடத்தப் போகிறாள். கடைசி உடுப்பு அந்தக் கோட்தான். யாரோ உன் வீடியோவை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நேற்றுக் காலை கடிதம் வந்தது. இந்தக் கை கனடாவில் ஒரு தமிழ்ப் பெண்ணுடையது என்று தெரிகிறது, இம்மாதம் முப்பத்தோராம் திகதிக்கு முன்னம் எழுத்தில் விளக்கம் தேவை, இல்லையென்றால் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும் என்று. தன் கோட்டைத் தான் களவெடுக்கவில்லை என்று அமெனான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

சாட்சி எழுத ரொபேர் ஒரு படிவம் கொண்டு வந்தார். அத்தெஸ்தாசியோன். அமெனான் என்னைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாள். நானே வாங்கிக்கொண்டு வந்தேன். முதல் கை வெட்டிய நாள், பதினைந்தாவது கை, கோட் எனக்குத் தந்த நாள், உனக்கு அனுப்பிய நாள், பிரித்துத் தைத்துத் திரும்பிய நாள், எல்லாவற்றையும் கொப்பியைப் பார்த்து எழுதிவிட்டேன். பொய் எழுதினால் தண்டனை என்று அடியில் போட்டிருக்கிறது. பொய் ஒன்றும் இல்லை. வரும் திங்களுக்கு அடுத்த திங்கள், இருபத்தொன்பதாம் திகதி, கையெழுத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நீ அழுதாலும் கொடுப்பேன். அப்பா சாப்பிடாமல் கிடந்தாலும் கொடுப்பேன்.

ஆனால் அதற்கு முதல் நீ சொல்லலாம். கை தட்டிய அதே சனத்துக்கு, அதே இடத்தில், உன் வாயால். அபிஜான்காரருக்கு எழுத்தில். அமெனானுக்கு எழுத்தில் வேண்டாம், போன் எடுத்துக் கதை. அவள் ஏசுவாள், ஏசி முடியும் வரைக்கும் கேள். நீ செய்தாயென்றால் என் படிவத்துக்குத் தேவை இருக்காது.

நான் உன்னை மனதாரச் சபிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றும்போது முதலில் வருவது இன்னும் உன் பெயர்தான். அம்பாள் உனக்கு நல்ல கையைத் தந்திருக்கிறாள், நல்ல கண்ணைத் தந்திருக்கிறாள். உன்னால் சொந்தமாக ஒன்று வெட்ட முடியும். வெட்டு. பதினான்கு தரம் பிழையாய்ப் போகட்டும்.

படிவத்தில் ஒரு கோடு இருக்கிறது. சம்பந்தப்பட்ட ஆளுக்கு, அதாவது உனக்கு, நான் என்ன உறவு என்று கேட்கிறது. மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன், அதை மட்டும் இன்னும் எழுதவில்லை. நான் அதில் தாய் என்று எழுத வேண்டி வர முதல் எனக்குப் பதில் அனுப்பு. கெதியாக அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
தவரத்தினம் கோசலை